‘டு’ போட்ட வசனம்

“அந்த ‘டு’வை வெட்டு” என்றார் யோகராசா சேர்.

தனுஷியா கையில் சோக்கோடு கரும்பலகைக்கு முன்னால் அசையாமல் நின்றாள்.

யுத்தம் முடிந்து ஆறேழு மாதம். மட்டக்களப்பில் அவருடைய ஆங்கில ரியூசன் வகுப்பில் ஒரு வாங்கிலும் உட்கார இடமில்லை. அன்றைய பாடம், ‘ஸ்டொப்’ என்ற வினைக்குப் பின்னால் என்ன வரும் என்பது. ‘டோக்கிங்’ வந்தால் கதைப்பதை நிறுத்தியதாக அர்த்தம். ‘டு டோக்’ வந்தால் கதைப்பதற்காக நின்றதாக அர்த்தம். ஆளுக்கொரு வசனம் பலகையில் எழுதச் சொல்லியிருந்தார்.

தனுஷியா எழுதியது: ‘மை மதர் ஸ்டொப்ட் டு டோக்.’

அவளுடைய அம்மாவைச் சேருக்குத் தெரியும். சுனாமியில் நாவலடிக்குள் கடல் வந்த அன்று, பிடித்திருந்த கையிலிருந்தே சின்ன மகனைப் பறிகொடுத்தவர். அன்றோடு பேச்சு நின்றது. ஐந்து வருசமாக அரிசி ஆலைக்குப் போவார், வருவார். யார் கூப்பிட்டாலும் நிற்கமாட்டார். குனிந்த தலையோடு நடந்துகொண்டே இருப்பார்.

சேர் குரலைத் தணித்தார்.

“இஞ்ச பார் புள்ள, அம்மாட நிலைமை எல்லாருக்கும் தெரியும். அவ கதைக்கிறத நிப்பாட்டினவ. அதுக்கு ‘டோக்கிங்’தான் வரும். ‘டு’ போட்டா அர்த்தமே மாறிரும்.”

“தெரியும் சேர்.”

“தெரிஞ்சா வெட்டன்.”

“ஏலா சேர்.”

பின் வாங்கில் இருந்த யாரோ சிரித்தார்கள். சேருக்குக் கோபம் வந்துவிட்டது. சோக்கை வாங்கி, தானே அந்த ‘டு’வின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

“இப்பிடிப் பிடிவாதம் பிடிச்சா சோதினையில புள்ளி வராது.”

தனுஷியாவின் கண் நிறைந்துவிட்டது.

“அம்மா நிண்டவ சேர். நேத்து.”

“என்ன, நேத்து?”

“பின்னேரம், பஸ் ஸ்டாண்டடியில. அகதி முகாமில இருந்து வந்த ஒரு அக்கா தனிய இருந்து அழுதுகொண்டிருந்தா. தலைமயிரக் கட்டையா வெட்டியிருந்தவ. இயக்கத்தில இருந்த புள்ளையாக்கும் எண்டு பயத்தில ஒருத்தரும் கிட்டப் போகல்ல. நானும் கெதியாப் போவம் எண்டு அம்மாட கையப் பிடிச்சி இழுத்தன்.”

“மறுகா என்ன நடந்த?”

“அம்மா நிண்டுட்டா. என்ட கைய உதறிப்போட்டு அந்த அக்காக்குப் பக்கத்தில போய் இருந்தா. முதுகத் தடவி, ‘ஆர்ர புள்ள நீ?’ எண்டு கேட்டா.”

தனுஷியா கண்ணைத் துடைத்தாள்.

“அம்மாட குரல் எப்பிடி எண்டே நான் மறந்துபோயிருந்தன் சேர். ‘எனக்கு ஒருத்தரும் இல்லம்மா’ எண்டு அந்த அக்கா சொன்னா. ‘அப்ப எழும்பு, வீட்ட போவம்’ எண்டு அம்மா சொல்லிட்டா. அந்த அக்கா இப்ப எங்கட வீட்டதான் இருக்கா.”

சேர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். எத்தனையோ வருசமாக வகுப்புக்கு வகுப்பு சொல்லிக்கொடுத்த வசனம். அது இப்படி நடுத்தெருவில் உயிரோடு நடக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

டஸ்டரை எடுத்து, தான் இழுத்த கோட்டை அழித்தார். கூடவே அழிந்துபோன ‘டு’வைத் திரும்பவும், முன்னதைவிடப் பெரிதாக எழுதினார்.

“நீ எழுதினதுதான் புள்ள சரி. போய் இரு.”

அடுத்த வினையைப் பலகையில் எழுதத் தொடங்கி, பாதியில் சோக்கைக் கீழே வைத்தார்.

நேற்றுப் பின்னேரம் அந்த பஸ் ஸ்டாண்ட் வழியாக அவரும்தான் போயிருந்தார். அழுத பிள்ளையைக் கண்டார். கட்டையாக வெட்டிய தலைமயிரையும் கண்டார்.

அவர் நிற்கவில்லை.