தராசம்மாவின் கடைசிப் பட்டியல்

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இங்க குடியிருக்கிறவங்க யாரும் அதைப் படிக்கிறதில்லை" என்றார் வாட்ச்மேன்.

தராசம்மாவுக்கு முகம் சுருங்கிப்போனது. வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டது அவள்தான். பட்டியலை அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டுப் பேசாமல் மாடி ஏறியிருக்கலாம்.

"ஒருத்தர் கூடவா?"

"எல்லாருக்கும் போன்ல சொன்னா வீட்டு வாசலுக்கே சாமான் வந்துடுதே. லிப்டுக்கு நிக்கிறப்பக்கூட போனைத்தான் பார்க்கிறாங்க. நீங்க கேட்டீங்களேன்னு சொன்னேன்" என்று சங்கடத்தோடு கேட் பக்கம் நகர்ந்துவிட்டார் வாட்ச்மேன்.

முப்பது வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையலறையில் சரக்கைப் பார்த்து வாங்கியவள் தராசம்மா. ஒரு கூடை கெட்டிருந்தாலும் லாரியோடு திருப்பி அனுப்பிவிடுவாள். வயிற்றெரிச்சலில் லாரிக்காரர்கள் வைத்த பெயர்தான் தராசம்மா. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை.

தெருமுனையில் எதிரும் புதிருமாக இரண்டு சூப்பர் மார்க்கெட்டுகள். ஒன்றுக்கு நீலப் பலகை, இன்னொன்றுக்குச் சிவப்புப் பலகை. வெள்ளிக்கிழமைதோறும் இரண்டிலும் ஒரே சாமான்களை வாங்கி வருவாள். முட்டையைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பாள். பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டி, உறை இல்லாமல் நிறுப்பாள். ஒரே காயை இரண்டு சட்டியில் சமைத்து, எது எந்தக் கடையுடையது என்று சொல்லாமல் கணவருக்குப் பரிமாறுவாள்.

"கல்யாணமான புதுசுலகூட எனக்கு ஒரு தட்டுதான். இப்பதான் மரியாதை கூடியிருக்கு" என்பார் அவர், இரண்டையும் மென்றுகொண்டே.

சனிக்கிழமை காலையில் தரம், விலை, எடை, மார்க் எல்லாம் எழுதிய தாள் கீழ்த்தளத்துப் பலகைக்கு வந்துவிடும். மூன்று வருஷத்தில் ஒரு வாரமும் தவறியதில்லை. நாற்பது வீடு இருக்கிறது, நாலு பேராவது நல்ல பொருளை நியாயமான விலைக்கு வாங்கட்டுமே என்று நினைத்தாள். அந்த நாலு பேரும் இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. இனி இந்த வேலையே வேண்டாம் என்று பலகையை நோக்கி நடந்தாள்.

"அம்மா, எடுத்துடாதீங்க. நான் இன்னும் எழுதி முடிக்கலை."

பலகையின் முன்னால் ஒருவர் சின்ன நோட்டும் பேனாவுமாக நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். எங்கோ பார்த்த முகம். லிப்டில் பார்த்திருப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

"எந்த மாடி நீங்க?"

அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. "நீலக் கடை ரொட்டிக்கு ஏம்மா ரெண்டு மார்க் குறைச்சுட்டீங்க?"

தராசம்மாவுக்கு வந்த கோபம் எல்லாம் மறந்துபோனது. கேட்க ஒரு ஆள் கிடைத்தால் விடுவாளா?

"நாளையோட தேதி முடியற ரொட்டியை முழு விலைக்கு விக்கிறாங்க தம்பி. சிவப்புக் கடையில அதையே தனியா எடுத்து வெச்சுப் பாதி விலைக்குக் கொடுக்கிறாங்க."

அவர் எழுதிக்கொண்டார். "எண்ணெய்?"

"அதுல நீலம்தான். காய்ச்சினா நுரைக்கலை, விலையும் கம்மி."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "தக்காளி?"

"அதை ஏன் கேக்கறீங்க. நீலக் கடையில மேல் வரிசை பளபளன்னு இருக்கு, கீழ கையை விட்டா கூழ். அடுக்கினவங்க அதைத் தங்களோட வீட்டுக்கு வாங்கிட்டுப் போவாங்களா?"

வந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "மாட்டாங்கம்மா" என்றார் மெதுவாக, தாளைப் பார்த்தபடி.

பாவம், அந்தத் தக்காளியை வாங்கி ஏமாந்தவர் போலிருக்கிறது என்று தராசம்மாவுக்கு இரக்கமாகிவிட்டது. "நீங்க ஒருத்தராவது படிக்கிறீங்களே, சந்தோஷம். நல்லா எழுதிக்குங்க. இதுதான் கடைசி."

அவர் பேனா நின்றது. "கடைசின்னா?"

"இனிமே எழுத மாட்டேன். இந்தக் கட்டடத்துல யாருக்கும் இது தேவைப்படலை."

"நிறுத்திடாதீங்கம்மா." சொன்னவருக்கு முகம் வெளுத்திருந்தது. "அடுத்த வாரம் எது சரியில்லைன்னு எப்படித் தெரியும்? ஒருத்தர் படிச்சாப் போதாதா?"

அந்தப் பதற்றம் தராசம்மாவுக்குக் கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது. ஆனாலும் மூன்று வருஷ உழைப்புக்கு ஒரே ஒரு ஆள் என்று நினைத்தபோது மனசு ஒப்பவில்லை.

"ஒருத்தருக்காக என் முழங்காலும் என் வீட்டுக்காரர் வயிறும் வாராவாரம் படற பாடு போதும் தம்பி" என்று சொல்லி, தாளின் மேல் முனையில் இருந்த குண்டூசியைப் பிடுங்கினாள்.

அப்போது கேட் பக்கத்திலிருந்து வாட்ச்மேனின் தலை எட்டிப் பார்த்தது.

"நீலக் கடை மேனேஜர் சார், சீக்கிரம் எழுதிக்கிட்டுக் கிளம்புங்க. சிவப்புக் கடை மேனேஜர் பத்து நிமிஷமா நோட்டோட வெளிய நிக்கிறாரு, வழக்கம்போல நீங்க போனாத்தான் உள்ள வருவாராம்."