எதிர்வீட்டுக் கதவு

புது நாட்டுக்குக் குடிவந்ததிலிருந்து அவளிடம் வாய் திறந்து பேசிய ஒரே வெளியாள், மாடி எண்ணைச் சொல்லும் லிப்ட்தான். அதனால் எதிர்வீட்டு அம்மாள் டீ குடிக்கக் கூப்பிட்டதும், நாலடி தூரத்துக்குப் பட்டுப்புடவை கட்டி, புருஷனையும் இழுத்துக்கொண்டு போனாள். புதிதாகக் கற்ற பாஷையில் பேசித் தீர்த்துவிட்டுப் பூரிப்போடு வீடு திரும்பினாள்.

சற்றுக் கழித்துக் கதவுத் துளை வழியே பார்த்தவளுக்கு முகம் விழுந்துவிட்டது.

"என்னங்க, இந்தக் குளிர்ல அவங்க கதவை விரியத் திறந்து வச்சிருக்காங்க!"

"அதுக்கென்ன இப்போ?"

"நம்ம வாடை போகட்டும்னுதான். தலைக்கு எண்ணெய் வச்சது தப்பாப் போச்சு."

"வாடையாவது, ஒண்ணாவது!"

நேரமாகியும் கதவை மூடவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இனிமே அந்தப் பக்கம் தலைவச்சும் படுக்க மாட்டேன்."

அழைப்பு மணி அடித்தது. எதிர்வீட்டு அம்மாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி நின்றாள்.

"என்னம்மா, வரேன்னு சொல்லிட்டு வரவே இல்லையே? இன்னொரு தடவை போட்ட டீயும் ஆறிப்போச்சு" என்றாள் தன் பாஷையில்.

புருஷன் திரும்பினான். "கிளம்புறப்போ என்ன சொன்னே?"

"வழக்கமாச் சொல்றதுதான். 'போயிட்டு வரேன்'னு அவங்க பாஷையில சொன்னேன்."

மறுபடி போனார்கள், மறுபடி டீ. எழுந்திருக்கும்போது புருஷன் காதைக் கடித்தான்.

"இப்பவாவது 'போறேன்'னு சொல்லித் தொலை. பாவம், வயசான உடம்பு."

"அந்த வார்த்தை என் வாயில வராதுங்க" என்றவள், எதிர்வீட்டு அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாளின் பாஷையிலேயே சொன்னாள்:

"வாங்க, எங்க வீட்டுக்குப் போகலாம்."