பிளேட்லெட்டில் முதலிடம்

காய்ச்சல் கண்ட பிள்ளைகளின் பிளேட்லெட் எண்ணிக்கையை மணிக்கட்டுப் பட்டையே காட்டத் தொடங்கியதும், எங்கள் குடியிருப்பு அம்மாக்கள் அதற்கும் ரேங்க் போட்டார்கள். மேல்மாடி ஷர்மிளா, காய்ச்சல் விட்ட பிறகும் மகள் நிறைமொழிக்குப் பப்பாளி இலைச் சாற்றைப் புகட்டிக்கொண்டே இருந்தாள். நிறைமொழி முதலிடம் பிடித்தாள். கேக் வெட்டினார்கள்.

"அம்மா, கால் வலிக்குதும்மா."

"ஃபர்ஸ்ட் வந்திருக்க, சிரிடி. போட்டோ எடுக்கிறாங்கல்ல?"

கேக் தீர்வதற்குள் கால் வீங்கிக் கறுத்தது. மருத்துவமனைக்கு ஓடினோம்.

"பிளேட்லெட் அளவுக்கு மேல ஏறி, கால்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு. உடனே குறைக்கணும்," என்றார் டாக்டர்.

ஷர்மிளா அழுதபடி கும்பிட்டாள். "குறைங்க டாக்டர், எம்பொண்ணு பொழச்சாப் போதும். ஆனா செகண்ட் ரேங்குக்குக் கீழ மட்டும் எறக்கிடாதீங்க."