பென்சில் கோடு

"நேத்து சாயந்தரம் இந்தக் கோடு வரைக்கும் தண்ணி நின்னுச்சு. இப்ப எங்க நிக்குதுன்னு நீங்களே பாருங்க."

வீட்டுக்காரர் குளியலறை வாசலில் நின்று, சுவரில் போட்டிருந்த பென்சில் கோட்டைக் காட்டினார். தண்ணீர் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது.

டைல்ஸ் கொத்தனார் குனிந்து பார்த்தார். தரையிலும் சுவரிலும் நீர் கசியாத பூச்சு அடித்து, காயவிட்டு, வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டியவர் அவர்தான். மேற்கொண்டு ஒரு சொட்டும் விழக் கூடாதென்று குளியலறைக் குழாய்களோடு பின்பக்கக் குழாயையும் மூடியிருந்தார். மட்டம் இறங்காமல் நின்றால்தான் டைல்ஸ் ஒட்டுவதாக ஏற்பாடு.

"டைல்ஸ் ஒட்டினப்புறம் ஒழுகியிருந்தா? அத்தனையும் உடைக்கணும். கீழ் வீட்டுக்காரங்க சும்மா விடுவாங்களா?"

"கீழ கேட்டுட்டேங்க. அவங்க கூரையில பொட்டு ஈரம்கூட இல்லையாம்," என்றாள் மனைவி.

"இன்னைக்கு இருக்காது. உள்ளுக்குள்ள இறங்கிக்கிட்டிருக்கும். நீ பேசாம இரு."

கொத்தனாருக்கு வேலையிடங்களில் 'வக்கீல்' என்று பட்டப்பெயர். டைல்ஸ் கோணல் என்று யாராவது சொன்னால், சுவர்தான் கோணல் என்று அவர்களையே ஒப்புக்கொள்ள வைத்துவிடுவார்.

இன்று நேராக உள்ளே இறங்கினார். வடிகால் அடைப்பை அழுத்திப் பார்த்தார். மூலைகளைத் தடவினார். எழுந்து போய், துணி துவைக்கும் பின்பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்ன, வக்கீலுக்கு வாதம் வரலையா? இதெல்லாம் யாருக்காகப் பண்றேன்? எங்கப்பாவுக்கு. வழுக்கி விழுந்துடக் கூடாதுன்னு கைப்பிடி, உட்கார்ந்து குளிக்கத் திண்டுன்னு பார்த்துப் பார்த்துச் செய்யறேன். வயசானவர் குளிக்கிற இடத்துல இப்படி வேலை செய்ய உங்களுக்கு எப்படி மனசு வருது?"

கூடத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். "தம்பி, அது வந்து..."

"நீங்க இதுல தலையிடாதீங்கப்பா. இவங்களுக்கெல்லாம் இடம் கொடுத்தா தலையில ஏறிடுவாங்க."

"என் தப்புதாங்க," என்றார் கொத்தனார். "மூலையில பூச்சு மெலிசா விழுந்திருக்கு. திரும்ப அடிச்சு, திரும்பத் தண்ணி கட்டறேன். அதுக்குக் கூலி வேண்டாம்."

"மறுபடி இறங்கினா வேற ஆள்தான். உங்களைச் சிபாரிசு பண்ண இன்ஜினியர்கிட்டயும் சொல்லி வைப்பேன். அப்புறம் இந்த ஊர்ல உங்களுக்கு வேலை கிடைக்காது."

"இறங்காதுங்க."

கணவனும் மனைவியும் வேலைக்குக் கிளம்பினார்கள். ஆட்கள் வந்துபோகிற வீடு என்று, தங்கள் படுக்கையறையை அதற்குள்ளிருந்த இன்னொரு குளியலறையோடு சேர்த்துப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார் வீட்டுக்காரர்.

"அப்பா, முன்னாடியே சொன்ன மாதிரி, வேலை முடியற வரைக்கும் ஈரத்துணியால உடம்பைத் துடைச்சுக்கோங்க. அது போதும்."

வாசல் கதவு சாத்திக்கொண்டது.

பெரியவர் மெல்ல எழுந்து குளியலறைப் பக்கம் வந்தார்.

கொத்தனார் நிமிரவில்லை. பூச்சு டப்பாவைத் திறந்தபடியே சொன்னார்.

"பின்பக்கக் கொடியில உங்க துண்டு இன்னும் சொட்டுதுங்கய்யா. சாயந்தரம் போறப்ப ரெண்டு வாளி நிறைச்சு அங்க வெச்சுட்டுப் போறேன். நாளைக்கு அதுல குளிங்க. கட்டின தண்ணியை மொள்ள வேண்டாம்."