பிஜி மேடத்தின் பெயர்

“உங்க பேரைச் சொல்லுங்க தாயி. பிள்ளைக்கு அதைத்தான் வைக்கப் போறோம்” என்றான் வருசநாட்டுக் கருத்தக்கண்ணன்.

தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருந்த அவன் குழந்தையைப் பத்திரமாக எடுத்துக் கொடுத்த இளம் டாக்டர் சங்கடமாகச் சிரித்தாள். “வேற நல்ல பேரா வைங்கண்ணே.”

“நர்சம்மா உங்களை பிஜி மேடம்னு கூப்பிட்டாகளே. பிஜின்னே வச்சிருவமா?”

“ஐயோ, அது பேரில்லண்ணே! மேல்படிப்புப் படிக்கிற டாக்டர்கள எல்லாம் இங்கன அப்படித்தான் கூப்பிடுவாக.”

“அப்ப உங்க பேரை எங்களுக்குத் தர மனசில்ல” என்றான். அவன் முகம் வாடிப்போனது.

கட்டிலில் படுத்திருந்த அவன் மனைவி முனீஸ்வரியும் “சொல்லுங்கம்மா” என்று கெஞ்சினாள்.

டாக்டருக்கு வேறு வழி தெரியவில்லை. கழுத்தில் திருப்பிப் போட்டிருந்த அடையாள அட்டையை நேராகத் திருப்பிக் காட்டினாள்.

டாக்டர் போதும்பொண்ணு.

“எங்க வீட்டுல நான் அஞ்சாவது பொண்ணு. இனிப் பொண்ணே பொறக்கக் கூடாதுன்னு அப்பா வச்ச பேரு. அது இந்தப் பச்சப்பிள்ளைக்கு எதுக்குண்ணே?”

முனீஸ்வரி தையல் வலியையும் மறந்து சிரித்தாள்.

“மூணும் பயலுகளாப் பெத்துட்டு, ஒரு பொண்ணுக்காக நாங்க ஏறாத கோயில் இல்ல தாயி. இனி எங்களுக்கு வேற என்ன வேணும்? இந்தப் பொண்ணு போதும்!”

டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர, கருத்தக்கண்ணன் குழந்தையிடம் குனிந்தான். “ஆத்தா, போதும்பொண்ணு!”

அந்தப் பெயரை அத்தனை ஆசையாக ஒருவர் கூப்பிட்டு டாக்டர் கேட்டதே இல்லை.

“என்னண்ணே?” என்று அவளும் திரும்பினாள்.