நீர்க்காகத்தின் ஆய்வுக் கட்டுரை

“ஏரியில் கெண்டை மீன்கள் வேகமாகக் குறைந்துவருகின்றன” என்று நீர்க்காகம் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. தவளைகள் கூட்டம் போட்டுத் தொண்டை கட்டும்வரை பாராட்டின.

ஒரு கெண்டைக்கு மட்டும் சந்தேகம். கரையோரம் வந்து தலையை நீட்டியது.

“கட்டுரை பிரமாதம்ணே. ஆனா நீங்க எண்ணின தரவெல்லாம் எங்கே? அதையும் கூடவே சேர்த்திருந்தா நாங்களும் சரிபார்த்திருப்போமே?”

“ஒண்ணு விடாம பத்திரமா வச்சிருக்கேன் தம்பி” என்று நீர்க்காகம் சிறகால் வயிற்றைத் தடவிக்கொண்டது. “இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை.”

“நான் பார்க்கலாமா?”

“தாராளமா!” நீர்க்காகம் அலகை அகலத் திறந்தது. “உள்ளே போய் நீயே எண்ணிக்கோ.”

“பரவாயில்லைண்ணே, உங்களை நம்புறேன்” என்று கெண்டை ஒரே பாய்ச்சலில் ஆழத்துக்குப் போய்விட்டது.

மறுநாள் கட்டுரையின் அடியில் புதிதாக ஒரு வரி இருந்தது: “கெண்டை ஒன்று நேரில் வந்து சரிபார்த்தது.”