ஏழாவது காகிதம்

"உனக்குக் கல்யாணம் ஆகலைன்னு எங்களால எழுதிக் கொடுக்க முடியாதும்மா."

கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள் பதிவு அலுவலகக் குமாஸ்தா.

இளையவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அவளுக்கு எதிலும் அதுதான் முதலில் வரும். வெளிநாட்டுக்காரனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பாவத்துக்கு நான்கு மாதமாக ஏழு காகிதங்களுக்கு அலைகிறாள். அவன் பிறந்ததற்கு அத்தாட்சி, அதற்கு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பு சரி என்பதற்கு முத்திரை, முத்திரை அசல் என்பதற்கு இன்னொரு முத்திரை. ஆறு சேர்ந்துவிட்டது. ஏழாவது, அவள் இன்னும் திருமணமாகாதவள் என்று இந்த அலுவலகம் தர வேண்டிய ஒற்றைத் தாள். வெள்ளிக்கிழமையோடு அவன் விசா முடிகிறது. அதற்குள் கல்யாணம் பதிவாகாவிட்டால் அவன் விமானம் ஏற வேண்டியதுதான். திரும்பி வர இரண்டு வருடமோ, மூன்று வருடமோ.

"இன்னும் என்ன காகிதம் குறையுது, அதைச் சொல்லுங்க மேடம்" என்றாள்.

"காகிதம் குறையலைம்மா. உனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருக்கு."

பக்கத்திலிருந்த அக்காவின் கையிலிருந்து தண்ணீர் பாட்டில் நழுவி உருண்டது. பின்னால் பெஞ்சில் காலை மடக்க இடமில்லாமல் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை அதை எடுத்துக் கொடுத்து, தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லைச் சொன்னான்.

"பரவாயில்லை."

நெட்டை என்று அவனுக்குப் பெயர் வைத்ததே அக்காதான். வீட்டில் அவன் பேச்சை எடுத்தபோது முகம் சுளிக்காத ஒரே ஆளும் அவள்தான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். தங்கையை இடுப்பில் சுமந்தே வளர்ந்து, அந்தத் தங்கை பட்டம் வாங்கியதைப் பார்த்து அழுதவள். எழுத்துக்கூட்டத் தெரியாவிட்டாலும் இந்த நான்கு மாதமும் ஓர் அலுவலகம் விடாமல் கூடவே வந்தாள்.

குறுக்கே நின்றது அப்பாதான். நாலு பேரைக் கூட்டிச் சோறு போட்டு அவனோடு போய்க்கொள், பதிவு மட்டும் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றார். குடும்பம் நடத்தலாம், பெண்டாட்டி என்று காகிதத்தில் எழுதினால் மட்டும் கௌரவம் போய்விடுமா என்று கேட்டுவிட்டு, அவரோடு பேசுவதையே நிறுத்தியிருந்தாள் இளையவள்.

அதே பெயரில் வேறு யாராவது இருப்பார்கள் என்று குமாஸ்தாவிடம் வாதாடினாள். குமாஸ்தா அசரவில்லை. அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி, பள்ளிச் சான்றிதழ் எண் என்று ஒவ்வொன்றாகப் படித்தாள். அந்த எண் இவளுக்கு மனப்பாடம். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக ஒருத்தி வாங்கிய சான்றிதழின் எண் அது. பதிவு எட்டு வருடத்துக்கு முந்தையது. அப்போது இவள் கல்லூரி விடுதியில். சான்றிதழ் வீட்டு இரும்புப் பெட்டியில்.

"மாப்பிள்ளை யாரு?"

"மாப்பிள்ளைக்குத் திரையில நம்பர் மட்டும்தான் இருக்கு. பேரு, போட்டோ எல்லாம் ஃபைல்ல இருக்கும். எடுத்துட்டு வரச் சொல்றேன்."

அவளுக்குப் பொறி தட்டியது. மாமன் மகன். பள்ளி முடித்த கையோடு அவனுக்கே கட்டிவைத்துவிடலாம் என்று வீட்டில் அடிபட்ட பேச்சு. கல்லூரிக்கு ஓடித் தப்பித்ததாக நினைத்தாளே. அங்கேயே நின்று அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"யாருக்குப்பா என்னை எழுதிக் கொடுத்தீங்க?"

"அதுக்குத்தான் பதிவு வேணாம் வேணாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார் அப்பா. "அந்த ஃபைலைப் பிரிக்க விடாதே. வீட்டுக்கு வா."

இல்லை என்றுகூடச் சொல்லவில்லை மனுஷன். அப்பாமேலேயே போலீசில் புகார் கொடுப்பேன், தாலி கட்டாமலே புருஷனான அந்தப் பயலையும் சேர்த்து உள்ளே தள்ளுவேன் என்று அக்காவிடம் பொரிந்தாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வாடி, போயிடலாம்."

"நீ சும்மா இரு. எவன் மூஞ்சின்னு பாத்துட்டுத்தான் வருவேன்."

ஃபைல் வந்தது. குமாஸ்தா தூசியை ஊதி, பக்கத்தைப் புரட்டி, இவள் பக்கம் திருப்பினாள்.

"இவர்தான் உன் வீட்டுக்காரர். இவர்கிட்ட விவாகரத்து வாங்கிட்டு வா, சான்று தரேன்."

படத்தில் இருந்தது மாமன் மகன் இல்லை. அரும்பு மீசையோடு சிரித்துக்கொண்டிருந்தார் அத்தான். அக்காவின் புருஷன்.

"அக்கா, உன் புருஷன் பண்ணியிருக்கிற வேலையைப் பாரு" என்று அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். அக்கா நிமிரவில்லை. முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பக்கத்துக் கட்டத்தில் ஒட்டியிருந்த மணப்பெண்ணின் படத்தைப் பார்த்தாள். அக்காவின் முகம். அதன் கீழே இவள் பெயர், இவள் பிறந்த தேதி. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் நீல மையில் ஒரு கட்டைவிரல் ரேகை.

"உங்க அத்தானுக்கு வேலையில குவார்ட்டர்ஸ் வீடு தரக் கல்யாணப் பதிவுச் சான்று கேட்டாங்கடி" என்றாள் அக்கா, குமாஸ்தாவுக்குக் கேட்காத குரலில். "வயசுக்கு அத்தாட்சின்னு நம்ம வீட்டுல இருந்தது உன் சான்றிதழ் ஒண்ணுதான். பசங்க ரெண்டு பேருக்கும் அம்மான்னு உன் பேருதான் எழுதியிருக்கு. எங்க வெளிய வந்துடுமோன்னுதான் நீ போற ஆபீஸுக்கெல்லாம் நானும் வந்தேன்..."

முந்தானைக்குள்ளிருந்தே மிச்சத்தையும் சொன்னாள்.

"உனக்குப் பதிவு வேணாம்னு அப்பா கால்ல விழுந்து சொல்ல வச்சதும் நான்தான்."